காற்றில் ஏறிய உருவம்

"அதுக்குத் தலை ரெண்டுங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. பாதம் தரையில பாவவே இல்ல. காத்துல காலை வச்சு, படி ஏறுத மாதிரி மேல மேல போயிக்கிட்டே இருந்துச்சு."

செல்வமாரி சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பகல் பதினோரு மணி வெயிலிலும் சுதாராணிக்குக் கையில் ரோமம் குத்திட்டது.

சுதாராணி பயப்படுகிற ஆள் இல்லை. போலீஸில் ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கோவில்பட்டியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். பேயைப் பற்றி அவளிடம் புகார் கொண்டுவந்த எல்லாருமே கடைசியில் ஏதோ ஒரு மனிதனைப் பற்றித்தான் புகார் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்களெல்லாம் கண்ணை உருட்டி, கையை ஆட்டிச் சொன்னவர்கள். இவள் கடைக்குப் போய்வந்த கதை மாதிரி மெதுவாகச் சொன்னாள். அதுதான் உறுத்தியது.

"தலை ரெண்டுன்னா டிக்கெட்டும் ரெண்டு கிழிக்கணுமே" என்று முணுமுணுத்தான் யோகராஜ். மினிபஸ் கண்டக்டராக இருந்து அவளிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். பஸ்ஸை விட்டு இறங்கியும் வாய் மட்டும் இறங்கவில்லை.

"சும்மா இருலே" என்றாள் சுதாராணி.

நாகலாபுரத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் அது. ஊருக்குக் கிழக்கே, செல்வமாரி வீட்டுக்கு நேர் எதிரே, எப்போதோ மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆலை. அதன் மூலையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, லைசென்ஸ் இல்லாமல் குச்சிக்கு மருந்து கலந்துகொண்டிருந்தான் செல்வமாரியின் கணவன் லிங்கராஜ். கூட வேலைக்கு இருந்தது ஒரே ஆள், ஓட்டப்பிடாரத்துக் கிட்டு. கோடை முடிகிற சமயத்தில் ஒருநாள் கொட்டகை வெடித்து எரிந்தது. உள்ளே கிடந்தது ஒரே உடல். முகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. லிங்கராஜின் அம்மா வெயிலுகந்தம்மாள் அதன்மேல் விழுந்து, "என் மவனே" என்று அலறினாள். பெற்றவள் அலறிய பிறகு யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? கிட்டுவை அன்றிலிருந்து காணவில்லை. முதலாளியைக் கொளுத்திவிட்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது.

முடிவு கட்டாதவள் ஒருத்திதான். கிட்டுவின் அக்கா செண்பகவல்லி. "எந்தம்பி ஓடுதவன் இல்லங்க. எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுத் தாங்க" என்று சுதாராணியின் அலுவலகத்தில் வந்து நின்றாள். போலீஸ் தேடுகிற தம்பியின் படத்தைத் தன் செல்போனில் காட்டினாள்.

எரிந்த ஆலைக்குள் அந்தி நேரத்தில் ஏதோ நடமாடுகிறது என்று கேள்விப்பட்டுத்தான் சுதாராணி இங்கே வந்தாள். பார்த்த ஒரே சாட்சி செல்வமாரி. ஊர்க்காரர்கள் பயந்துகொண்டு சாயங்காலம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

"அதை எங்கன பாத்தீங்க?"

"தண்ணித் தொட்டிக்குக் கீழ. கையில வெளிச்சம் வச்சிருந்தா அந்த வெளிச்சமும் கீழயும் மேலயும் இழுத்துக்கிட்டுப் போகும், வால் மாதிரி."

உள்ளேயிருந்து வெயிலுகந்தம்மாள் வந்தாள். நல்ல உயரம். வெள்ளை முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். "அது எம்மவன்தான். வெந்து செத்த பிள்ளை எப்படி அடங்கும்? பெண்டாட்டியைச் சுத்துது. வெள்ளிக்கெழம இவளைக் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போறேன். பேய் இறங்குத வரைக்கும் அங்கனயே கெடக்கட்டும்."

"எவ்வளவு நாள்மா?"

"அது இறங்குத வரைக்கும்" என்றாள் மறுபடியும். செல்வமாரி மாமியாரைப் பார்த்தாள். பார்க்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, இமையை இடுக்கிக்கொண்டாள். பிறகு நெற்றியின் ஓரத்தை விரலால் அழுத்தினாள்.

சுதாராணி தன் விலாசச் சீட்டை அவளிடம் நீட்டினாள். "வேற எதுவும் ஞாபகம் வந்தா இந்த நம்பருக்கு அடிங்க."

செல்வமாரி சீட்டைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள், மறுபடி இடுக்கினாள். வாய்விட்டுப் படித்தாள். மூன்று எட்டுகளில் இரண்டைப் பூச்சியம் என்று படித்தாள்.

சுதாராணி அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

*

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த கரிசல், செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இருவரும் உடைமரங்களை விலக்கிக்கொண்டு ஆலைக்குள் நுழைந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் கருகிய சுவர் மட்டும் நின்றது. மழை பெய்தும் மருந்து வாடை போகவில்லை. சுவரில் தகரக் கதவு ஒன்று சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. போட்டபடியே வளைந்திருந்தது.

"உள்ள வேலை நடக்கும்போது வெளிய தாழ்ப்பாளா?" என்றான் யோகராஜ். அவன் குரலில் கேலி இல்லை.

அப்பால் நான்கு தூண் மேல் காலித் தண்ணீர்த் தொட்டி. தூணோடு ஒட்டி நெடுக ஓர் இரும்பு ஏணி. தொட்டியடியில், வெயிலுகந்தம்மாள் மகனுக்கென்று தினமும் வைக்கிற படையலின் வாழையிலை கிடந்தது.

சுதாராணி ஏணிப்படியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கருப்பு ஈரம் ஒட்டியது. கரிசல் சேறு. ஒவ்வொரு படியிலும் இருந்தது.

"யோகா, பேய்க்குக் கால் உண்டா?"

"காலு உண்டு, தரையிலதான் பாவாதுன்னு அந்தக்கா சொல்லுதாவ."

"தரையில பாவாம சேற்றை எங்கிருந்து கொண்டுவந்துச்சு?"

யோகராஜ் குனிந்து இலையைக் குச்சியால் புரட்டினான். அடியில் மாத்திரை அட்டை ஒன்று மடங்கிக் கிடந்தது. எல்லாக் குழியும் காலி. எடுத்து மோந்து பார்த்து, பெயரைப் படித்தான். "வாய்வுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் போடுதது. செத்ததுக்கப்புறமும் அஜீரணமாக்கா?"

"எவனோ இங்கன குடியிருக்கான்" என்றாள் சுதாராணி. "அந்தம்மா மகனுக்குன்னு வைக்கிற படையலைத் தின்னுட்டு, தொட்டிக்குள்ள ஒளிஞ்சுகிடக்கான். போலீஸ் தேடுத ஆளு."

"கிட்டு?"

"வேற யாரு?"

யோகராஜ் மாத்திரை அட்டையை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "இது இலைக்கு அடியில இருந்துச்சுக்கா. சோத்தோட சேத்து வச்ச மாதிரி. தின்னவன் போட்டிருந்தா மேலதானே கெடக்கும்?"

 கிட்டு உயிரோடு இருக்கிறான் என்ற எண்ணம் சுதாராணிக்கு அந்தக் கேள்வியைவிடப் பெரிதாக இருந்தது. அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

மாமியார் ஆடு பத்திக்கொண்டு போன நேரம் பார்த்து மறுபடி வந்தார்கள். சுதாராணி செல்வமாரியை வாசலில் நிறுத்தினாள்.

"தொட்டிக்குக் கீழ என்னென்ன தெரியுது? அப்படியே சொல்லுங்க."

"நாலு தூணு. ஒரு தூணுகிட்ட ரெண்டு கம்பி நெட்டுக்க நிக்குது."

"ரெண்டு கம்பிக்கும் நடுவுல?"

"நடுவுல என்ன இருக்கு? ஆகாசம்தான்."

மற்றவர்கள் அங்கிருந்தே ஏணிப்படிகளை எண்ணிவிடலாம். யோகராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டான். அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

சுதாராணி சுவரிலிருந்த பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, அடுப்புக்கரியால் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கோடுகள் போட்டாள். எல்லாம் ஒரே கனம். ஆணியில் மாட்டிவிட்டு, செல்வமாரியைத் தள்ளி உட்காரவைத்து ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னாள்.

"எந்தக் கோடு நல்ல கருப்பு?"

"நட்டுக்க நிக்குதே, அது. கடியாரத்துல பன்னெண்டும் ஆறும் மாதிரி."

"படுத்துகிடக்குத கோடு?"

"அது நரைச்சுப் போயிருக்கு. ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

"நீங்க அந்தக் கோட்டை அழுத்திப் போடலக்கா" என்றான் யோகராஜ்.

சுதாராணி அட்டையைக் கால் சுற்றுச் சுற்றி மாட்டினாள். படுத்திருந்த கோடு இப்போது நின்றது. நின்ற கோடு படுத்தது. "இப்போ?"

"இப்பவும் நட்டுக்க நிக்குததுதான் கருப்பு" என்றாள் செல்வமாரி. சொன்ன பிறகு அவளே திகைத்தாள். "மொதல்ல அதுதானே நரைச்சுக் கெடந்துச்சு?"

"கோட்டுல ஒண்ணும் இல்லம்மா. கண்ணுல இருக்கு." சுதாராணி வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். "பக்கவாட்டுல படுத்துக்கிட்டு, தொட்டியைப் பாருங்க."

செல்வமாரி படுத்தாள். கன்னம் கயிற்றில் பதிய, ஆலைப் பக்கம் பார்த்தாள். 

"படி" என்றாள் மெல்ல. "குறுக்கக் குறுக்கப் படி இருக்கு. ஆனா கம்பியைக் காணோமே!"

சுதாராணி ஒரு காலித் தீப்பெட்டியைக் கிழித்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அட்டையில் ஒரே ஒரு துளை போட்டாள். "இப்போ எந்திரிச்சு நின்னு, இந்த ஓட்டை வழியாப் பாருங்க."

அட்டையைக் கண்ணில் வைத்தாள் செல்வமாரி.  "ஏணி. ஏணி நிக்குது. இத்தனை வருசமா இங்கன ஒரு ஏணி இருந்திருக்கு!"

"எனக்கும் இதே கோளாறு உண்டு" என்று தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள் சுதாராணி. "இதைக் கழட்டினா தெருவிளக்குக்கெல்லாம் வால் முளைக்கும். ஒரு ஆளு ரெண்டு ஆளாத் தெரியும். ஏட்டா இருக்கும்போது எதிர்ல வந்த லாரி ரெண்டுன்னு நெனச்சு வண்டியைப் பள்ளத்துல விட்டேன். அன்னைக்குத்தான் கண் டாக்டரைப் போய்ப் பாத்தேன்."

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் செல்வமாரி. "பள்ளிக்கூடத்துல போர்டைப் பாத்துத் தப்புத் தப்பா எழுதி அடி வாங்கி, ஆறாப்போட நின்னுட்டேன். சந்தையில எங்க வீட்டுக்காரவிய எதிர்ல வந்தாலும், குரல் குடுத்தாத்தான் தெரியும். 'உன் கண்ணுக்கு நான் யாரோ ஒருத்தன்'னு அவிய சிரிப்பாவ."

அவள் முகத்தில் வந்த வெளிச்சம் சட்டென்று அணைந்தது. அட்டையை இறக்கினாள்.

"அப்போ அது ஏணியிலதான் ஏறியிருக்கு."

"ஆமா."

"ஏணியில ஏறுததுன்னா மனுசன்." அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "பேய்னு இருந்தப்போ ஒரு பயம். இப்போ வேற மாதிரிப் பயமா இருக்கு. தினமும் பாதி ஏணியில நின்னு, இந்த வீட்டைத் திரும்பிப் பாக்கும்."

*

தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் செல்வமாரி கோவில்பட்டிக்கு வந்தாள். கண் மருத்துவமனையில் பரிசோதகர் கிருஷ்ணப்ரியா அவள் மூக்கில் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இது தெளிவா இருக்கா, இதுவா? முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டாவது... இல்ல, இது. இது!"

"சிலிண்டர் பவர்" என்று சுதாராணியிடம் சொன்னாள் கிருஷ்ணப்ரியா. "கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருக்கணும். இவங்களுக்குக் கரண்டிக்குழி மாதிரி, நெட்டுக்க ஒரு வளைவு, குறுக்க ஒரு வளைவு. ஒரு பக்கக் கோடு கூர்மையா விழும், மறுபக்கம் கலைஞ்சுபோகும். அஸ்டிக்மாடிசம். கண்ணாடியில வில்லையைச் சரியான கோணத்துல திருப்பி வச்சுட்டா தீர்ந்துது."

"எவ்வளவு நாளா இருக்கும்?"

"பிறந்ததிலேருந்தே இருந்திருக்கலாம். யாராவது ஒருத்தர் கூட்டிட்டு வந்திருக்கணும். அவ்வளவுதான்."

செல்வமாரி சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். படித்து முடித்ததும் மேலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை.

வெளியே வராந்தாவில் நின்று செண்பகவல்லிக்குப் போன் போட்டாள் சுதாராணி. பிற்பாடு பல நாள் நினைத்து வருந்திய போன் அது.

"உங்க தம்பி உயிரோட இருக்க வாய்ப்பு இருக்கும்மா."

  "நான் வாரேன்" என்றாள் செண்பகவல்லி உடனே.

"கண்ணால கண்டுட்டுச் சொல்லியிருக்கலாம்க்கா" என்றான் யோகராஜ். அவன் எப்போதாவதுதான் சிரிக்காமல் பேசுவான்.

*

கண்ணாடி தயாராகி வந்த அன்று வியாழக்கிழமை. விடிந்தால் கோடாங்கி.

மாமியார் படையல் தட்டோடு ஆலைப் பக்கம் போயிருந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் ஆலையின் உடைந்த மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். யோகராஜும் அவர்களோடு இருந்தான். வீட்டு நிலைக்கு உட்புறம் இருட்டில் மூன்று பெண்கள் நின்றார்கள். வரவேண்டாம் என்று சொல்லியும் செண்பகவல்லி வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. அதில் தேய்த்து மடித்த சட்டையும் வேட்டியும் இருந்தன.

"மாத்துத் துணி இல்லாம எப்படி இருந்தானோ" என்றாள். போலீஸைக் கூட்டி வந்திருந்த சுதாராணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேற்கே சாய்ந்த வெயில் தொட்டியின் முகத்தில் செம்மையாக விழுந்தது. வெயிலுகந்தம்மாள் இலையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றாள். கும்பிடுகிறாள் என்றுதான் தூரத்திலிருந்து தோன்றும். பிறகு ஆட்டுத்தடத்தில் திரும்பி நடந்தாள்.

செல்வமாரி புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

காடு வெறிச்சோடியது. எங்கோ ஒரு மயில் அகவி ஓய்ந்தது. தொட்டியின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு தலை. ஒரே தலை. ஒருவன் மெதுவாக ஏணியில் இறங்கி, இலையில் இருந்த சோற்றைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்ப ஏற ஆரம்பித்தான். பாதி வழியில் நின்றான். வீட்டைப் பார்த்துத் திரும்பினான். வெயில் அவன் முகத்தில் விழுந்தது.

சுதாராணி செண்பகவல்லியின் கையைப் பற்றினாள். 

"இது அவன் இல்ல" என்றாள் செண்பகவல்லி.

"நல்லாப் பாருங்கம்மா. தாடி வளர்ந்திருக்கும், இளைச்சிருப்பான்..."

"எந்தம்பியை எனக்குத் தெரியாதா? இது அவன் இல்ல."

பக்கத்தில் செல்வமாரி ஒரு அடி வெளியே வைத்தாள். வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி பளிச்சென்றது.

"இது அவிய" என்றாள்.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரவிய."

சுதாராணியின் மனசில் கலைந்து கிடந்ததெல்லாம் ஒரே நொடியில் கூர்மையாயிற்று. இலைக்கு அடியில் இருந்த மாத்திரை. மகனின் நெஞ்செரிச்சல் அம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்? முகம் இல்லாத உடல்மேல் எல்லோருக்கும் முந்தி விழுந்து அழுதது. பார்த்த ஒரே சாட்சியான மருமகளைக் கோடாங்கியிடம் கொண்டுபோய் விடத் துடித்தது. பேய்க்கதை அந்த ஊருக்குத்தான் பயம். தொட்டிக்குள் இருந்தவனுக்கு அதுதான் காவல்.

அப்படியானால் குழிக்குள் கிடப்பது?

செண்பகவல்லிக்கும் அது புரிந்துவிட்டது. துணிப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

*

போலீஸ்காரர்கள் ஏணியடிக்கு வந்து நின்றார்கள். யோகராஜ் கையை வாயருகே குவித்தான்.

"அண்ணாச்சி! கடைசி ஸ்டாப் வந்தாச்சு. இறங்குங்க."

லிங்கராஜ் மேலே பார்த்தான். கீழே பார்த்தான். வேறு வழி எதுவும் இல்லை. இறங்கினான். ஓடவில்லை. ஓடுகிற உடம்பும் அது இல்லை. ஒரு கை நெடுகத் தீக்காயம் ஆறி இழுத்துக்கொண்டிருந்தது. சேற்றில் விழுந்து எழுந்து வந்து சேர்ந்த மனைவியைப் பார்த்ததும்தான் அவன் முகம் மாறியது. அவள் மூக்கில் இருந்த கண்ணாடியையே பார்த்தான்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது? உனக்குத் தெரியாதுன்னுதானே தைரியமா..."

"தினமும் நின்னு பாத்தீங்களே, எதுக்கு?"

"உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு."

"என் கண்ணு தெரியாததை நம்பி நின்னு பாத்திருக்கீங்க" என்றாள் செல்வமாரி. "பேய் பிடிச்சிருக்குன்னு அத்தை என்னைக் கொண்டு தள்ளப் போனாவளே, அதுவும் தெரியும்தானே?"

 தெரியும் என்று அவன் தலை தாழ்ந்ததிலேயே இருந்தது.

மற்றதை அவன் போலீஸ்காரரிடம் சொன்னான். வழியில் போகிறவர்கள் வந்து எட்டிப்பார்க்கக் கூடாது என்று, கிட்டுவை உள்ளே மருந்து கலக்க விட்டு எப்போதும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவான். பார்க்கிறவனுக்குப் பூட்டிக் கிடக்கிற கொட்டகை. அன்றைக்கு உள்ளே பற்றிக்கொண்டது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தான், தகரம் சுட்டது, எடுத்துவிட்டான்.

"மறுபடி வைக்கலையா?" என்று கேட்டாள் சுதாராணி.

"தட்டுதது நின்னுபோச்சு" என்றான்.

வெயிலுகந்தம்மாள் ஓடிவந்து மகனுக்கும் போலீஸுக்கும் நடுவில் விழுந்தாள். "ஜெயிலுக்குப் போயிருவான்னுதான் நான் அப்படிச் சொன்னேன். பெத்தவ வேற என்ன செய்வா? நீங்களே சொல்லுங்க, பெத்தவ வேற என்ன செய்வா?"

செண்பகவல்லி பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"எங்க அம்மையும் பெத்தவதான். கொலைகாரனைப் பெத்தவன்னு ஊரே சொல்லி, குழாயடிக்குக்கூடப் போகாம கெடக்கா."

 ஜீப் கிளம்பிப்போகிற வரைக்கும் வெயிலுகந்தம்மாள் சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.

*

உடலைத் தோண்டிப் பார்த்துத்தான் சட்டப்படி முடிவு சொல்ல முடியும் என்று விளக்கிவிட்டுப் போயிருந்தார்கள். செண்பகவல்லி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எங்கன புதைச்சிருக்காவ?" என்று மட்டும் கேட்டாள்.

செல்வமாரி முன்னால் நடந்தாள். ஓடைக்கரையில் கரிசல் மண் குவித்த மேடு. மழையில் கொஞ்சம் அமர்ந்திருந்தது. தலைமாட்டில் கல் ஒன்று, அதன்மேல் வாடிய கதம்பம். சாம்பல் நிற வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சுதாராணியும் யோகராஜும் எட்டவே நின்றுகொண்டார்கள். சுதாராணி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துத் துடைத்தும் தெளியவில்லை. யோகராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

செண்பகவல்லி மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, மடித்த சட்டையைப் பையிலிருந்து எடுத்து மண்மேல் வைத்தாள். காற்றில் பறக்காமல் ஒரு கட்டியை எடுத்து அதன்மேல் பாரம் வைத்தாள்.

"ஒருத்தர்கூட அழாம அனாதையாப் போயிட்டானே" என்றாள்.

"இல்லக்கா." செல்வமாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அழுதேன். மண்ணுல விழுந்து பொரண்டு அழுதேன். தாலியைக் கழட்டி இந்த மண்ணுலதான் போட்டேன். வாரத்துக்கு ஒருநா பூ வச்சு, விளக்கு வச்சு, சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். ஆள்தான் மாறிப்போச்சு. அழுத அழுகை மாறல. அது பூராவும் உங்க தம்பிக்குத்தான் போய்ச் சேந்திருக்கு."

செண்பகவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் தோளில் முகத்தைப் புதைத்து, இத்தனை நாளும் அழாததையெல்லாம் அழ ஆரம்பித்தாள். கிட்டு, கிட்டு என்று அந்த மேட்டின்மேல் முதன்முதலாக அவன் சொந்தப் பெயர் கேட்டது.